டோக்காய் காட்டில் யார் யாருக்கு வழிவிடுவது: ஒரு நிகழ்வு ஆய்வு

கேப் டவுனின் தென்புறத்தில், 928 மீட்டர் உயரமுள்ள கான்ஸ்டன்ஷியபெர்க் மலையின் கிழக்குச் சரிவில் டோக்காய் காடு இருக்கிறது. எந்த அயல்நாட்டு மரம் இந்த மண்ணில் தேறும் என்று பார்க்க, 1880களில் ஜோசப் ஸ்டோர் லிஸ்டர் என்ற வன அதிகாரி இங்கே ஒரு மரத்தோப்பு வைத்தார். அந்தத் தோப்பு இன்றும் நிற்கிறது. அதைச் சுற்றிப் பைன் தோட்டம் பரவி, நூறாண்டுக்கு மேல் மரம் வெட்டும் தொழிலிடமாக இருந்தது. இப்போது இது டேபிள் மவுண்டன் தேசியப் பூங்காவின் பகுதி.

மக்கள் இதை மேல் டோக்காய், கீழ் டோக்காய் என்று பிரித்துச் சொல்வார்கள். மேலே சரிவு, வளைந்து வளைந்து ஏறும் ஜீப் தடங்கள், அவற்றுக்கிடையே ஒற்றையடிப் பாதைகள். மலைமிதிவண்டிக்காரர்கள் அதிகம் வருவது இங்கேதான். தோப்பிலிருந்து யானைக்கண் குகைக்கு ஏறும் நடைபாதையும் இதே சரிவில், அந்த ஜீப் தடங்களைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகிறது. கீழே மணல் சமவெளி. குதிரைக்காரர்கள், நாயோடு வருபவர்கள், தள்ளுவண்டியில் குழந்தையைக் கொண்டுவரும் பெற்றோர், ஓட்டக்காரர்கள் எல்லோரும் அங்கே. முதல் மழை விழுந்ததும் காளான் தேடுவோரும் கூடையோடு வந்துவிடுவார்கள். இவர்கள் மட்டும் பாதையைப் பார்ப்பதில்லை, தரையைத்தான் பார்க்கிறார்கள். அதையும் கணக்கில் வைக்க வேண்டும்.

ரைலண்ட்ஸ், ஏத்லோன் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களும், அண்மையில் வேலைக்கு வந்த தமிழ்நாட்டுக் குடும்பங்களும் ஞாயிற்றுக்கிழமைகளில் இங்கே கூட்டமாக நடக்க வருகிறார்கள். இந்த ஆய்வு முதலில் அவர்களுக்காக. பாதை பேணும் வேலையில் தன்னார்வலராகச் சேர நினைப்பவர்களுக்கும் பயன்படும்.

எங்கள் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். டோக்காய் போன்ற காட்டில் உரசல் பெரும்பாலும் மனிதர்களின் குணத்தால் வருவதில்லை. வேகமாக வரும் ஒருவரும் மெதுவாகப் போகும் ஒருவரும் ஒருவரையொருவர் பார்க்க முடியாத இடத்தில் சந்திப்பதால் வருகிறது. அந்த இடத்தைத் திருத்தினால் குணம் தானே நல்லதாகத் தெரியும்.

உரசல் ஒருபக்கமாகவே உணரப்படுகிறது

காட்டு மோதலைப் பற்றிப் பேசுபவர்கள் 1980-இல் ஜேக்கப், ஷ்ரேயர் என்ற ஆய்வாளர்கள் இருவரும் எழுதிய விளக்கத்தை இன்றும் எடுத்துக்கொள்கிறார்கள். ஒருவர் காட்டுக்கு எதற்காக வந்தாரோ அதை இன்னொருவருடைய நடத்தை கெடுக்கும்போது மோதல் பிறக்கிறது என்பது அதன் சாரம். அமைதிக்காக வந்தவருக்குச் சங்கிலிச் சத்தமே இடைஞ்சல். இறங்குமுகத்தின் ஓட்டத்துக்காக வந்தவருக்கு, பாதையை அடைத்து நிற்கும் ஐந்து பேர் இடைஞ்சல்.

ஆனால் இரண்டும் சமம் அல்ல. மிதிவண்டிக்காரர் நடப்பவரைக் கடந்து போனதை இரண்டு நிமிடத்தில் மறந்துவிடுவார். நடப்பவர், அதுவும் வயதானவர், அன்று முழுவதும் பின்னால் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே நடப்பார். ஆகவே மிதிவண்டிக்காரர்களிடம் மட்டும் கேட்டால் "இங்கே பிரச்சினையே இல்லை" என்ற பதில் வரும். அவர்கள் பொய் சொல்லவில்லை, அவர்களுக்கு அது உண்மையிலேயே தெரிவதில்லை. பாதை பற்றிக் கருத்துக் கேட்கும் எவரும் மெதுவாகப் போகிறவரிடமிருந்து தொடங்க வேண்டும். வராமல் நின்றுபோனவர்களையும் தேடிப்பிடித்துக் கேட்க வேண்டும்.

தென்னாப்பிரிக்காவில் இதற்கு இன்னொரு கனமும் உண்டு. 1953-ஆம் ஆண்டின் தனி வசதிகள் சட்டம் 1990-இல் நீக்கப்படும் வரை பூங்காவும் கடற்கரையும் உல்லாசத் திடலும் நிறம் பார்த்தே பிரிக்கப்பட்டிருந்தன. ரைலண்ட்ஸ் இந்தியர்களுக்கென்று ஒதுக்கப்பட்டது. டோக்காயை அடுத்த கான்ஸ்டன்ஷியாவிலிருந்து வெள்ளையர் அல்லாத குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. அந்த நினைவு இருக்கும் ஒரு தாத்தாவிடம், "இங்கே முறை தெரியாமல் நடக்கிறீர்கள்" என்று ஹெல்மெட் போட்ட ஒருவர் சொன்னால் அது வெறும் பாதை விதியாக அவர் காதில் விழாது. ஆகவே யார் யாருக்கு வழிவிட வேண்டும் என்பதை வாசலிலும் சந்திப்புகளிலும் படம் போட்டே காட்டிவிட வேண்டும். யாரும் யாருக்கும் பாடம் நடத்தும் நிலையே வரக்கூடாது.

அந்த முறை எளிது. மிதிவண்டி எல்லோருக்கும் வழிவிடும். நடப்பவர் குதிரைக்கு வழிவிடுவார். ஒரே வகையினர் எதிரெதிரே வந்தால் இறங்குபவர் ஏறுபவருக்கு வழிவிடுவார். சாலையைப் போலவே இங்கும் இடப்பக்கம் நடை, முந்துவது வலப்பக்கம். நாய், குதிரை, மலைமிதிவண்டி மூன்றுக்கும் பூங்காவின் அனுமதி அட்டை வேண்டும். அட்டை வாங்கும் இடத்திலேயே இந்தப் படத்தையும் கையில் கொடுப்பது நல்லது.

குறுக்குச் சந்திப்பு: பிரச்சினையின் மையம்

யானைக்கண் குகைப் பாதை ஜீப் தடத்தை வெட்டும் இடங்களை எடுத்துக்கொள்வோம். நடப்பவர் செங்குத்தாக ஏறி, மூச்சு வாங்கி, தலை குனிந்தபடி தடத்துக்குள் கால் வைக்கிறார். மிதிவண்டி அதே தடத்தில் சரிவில் இறங்குகிறது. இருவருக்கும் இடையே புதர்.

இறங்கும் மிதிவண்டி 25 கி.மீ. வேகத்தில் வருகிறது என்றால் வினாடிக்கு ஏறத்தாழ 7 மீட்டர். பார்த்து, உணர்ந்து, பிரேக்கைப் பிடிக்க ஒன்றரை வினாடி என்று வைத்தால் அதற்குள் 10 மீட்டர் போய்விடும். தளர்ந்த சரளையில் நிற்க இன்னும் 8 மீட்டர். மொத்தம் 18 மீட்டர். வேகம் 35 கி.மீ. ஆனால் அதே கணக்கு 30 மீட்டரைத் தொடும். 15 கி.மீ. என்றால் 9 மீட்டரே போதும். செங்குத்தான இறக்கத்திலும் ஈரத்திலும் இவை இன்னும் நீளும். புதருக்கு அப்பால் 10 மீட்டர்தான் தெரிகிறது என்றால், நல்ல மனமும் நல்ல பிரேக்கும் இருந்தாலும் 25 கி.மீ. வேகத்தில் வருபவரால் நிற்க முடியாது.

ஆக வழி இரண்டுதான்: பார்வைத் தூரத்தைக் கூட்டுவது, வேகத்தைக் குறைப்பது. இரண்டையும் சேர்த்தே செய்ய வேண்டும். பார்வையை மட்டும் திறந்துவிட்டால் வேகம் கூடிவிடும். நேராக, அகலமாக, தெளிவாகத் தெரியும் பாதையில் யாரும் மெதுவாக ஓட்டுவதில்லை.

பார்வைக்கு, சந்திப்பிலிருந்து இருபக்கமும் 30 மீட்டர் வரை ஓரப் புதரை முழங்கால் உயரத்துக்குக் கத்தரிக்க வேண்டும். பாதையின் உள்வளைவில்தான் அதிகம் வெட்ட வேண்டும், வெளிவளைவில் கை வைக்கத் தேவையில்லை. இந்த மண்ணுக்கே சொந்தமான ஃபின்போஸ் புதர்ச்செடிகளில் அரிய இனங்கள் இருக்கும். அதனால் பூங்கா ஊழியர் அடையாளம் காட்டாமல் யாரும் கத்தரியை எடுக்கக்கூடாது.

வேகத்துக்குத் திசைமாற்றமும் எதிர்மேடும். சந்திப்புக்கு 15 மீட்டர் முன்னால் இரண்டு பாறைகளையோ கட்டைகளையோ எதிரும் புதிருமாக வைத்து, நடுவே 1 முதல் 1.2 மீட்டர் இடைவெளி விட வேண்டும். கைப்பிடியின் அகலம் 75 முதல் 80 செ.மீ. இருக்கும். மெதுவாக வந்தால் தாராளமாக நுழையலாம், வேகமாக வந்தால் மனம் தானே தயங்கும். அதற்கு அடுத்து, இறங்கும் தடம் சந்திப்புக்கு முந்தைய 5, 6 மீட்டரில் சற்றே மேலேறும்படி மண்ணை அமைக்க வேண்டும். இந்த எதிர்மேடு பிரேக் இல்லாமலேயே வண்டியைத் தளர்த்தும்.

எதிர்மேட்டைத் தவிர்த்துவிட்டு, "மெதுவாகச் செல்க" என்ற பலகையை மட்டும் நட்டால் என்ன ஆகும்? எல்லோரும் ஒரே இடத்தில் பிரேக் பிடிப்பார்கள். அந்த இடத்தில் மண் அலை அலையாகக் குழியும். குழியில் தண்ணீர் தேங்கும். அடுத்த மழைக்காலத்தில் குழியைத் தவிர்க்க வண்டிகள் ஓரம் கட்டும், பாதை இருமடங்கு அகலமாகும். அகலம் கூடியதும் வேகமும் கூடும். பலகை மட்டும் அங்கேயே நிற்கும்.

ஒரு எச்சரிக்கை. குதிரை போகும் தடத்தில் இந்தக் குறுகல் கூடாது. குதிரைக்குக் குறைந்தது ஒன்றரை மீட்டர் அகலம் வேண்டும், மேலே 3 மீட்டர் உயரம் வரை கிளை இருக்கக்கூடாது. அங்கே குறுகலைக் கைவிட்டு எதிர்மேட்டையும் வளைவையும் மட்டும் நம்ப வேண்டும். ஜீப் தடம் என்றால் தீயணைப்பு வண்டிக்கும் வழி வேண்டும். பாறையை வைப்பதற்கு முன் பூங்காவிடம் கேட்காமல் செய்தால் முதல் நெருப்பு வரும்போது அதன் விலை தெரியும்.

நடப்பவர் பக்கத்திலும் வேலை இருக்கிறது. பாதை தடத்தில் நேராகப் போய் விழாமல், கடைசி 3 மீட்டரில் பக்கவாட்டில் திரும்பி, ஒரு தட்டையான கல்லில் வந்து நிற்கும்படி செய்யலாம். மூச்சு வாங்க நிற்பதற்கு இடம் கொடுத்தால் மனிதர்கள் அங்கேதான் நிற்பார்கள், தடத்தின் நடுவில் நிற்க மாட்டார்கள்.

பிரிப்பதா, பகிர்வதா

எல்லாவற்றையும் பிரித்துவிடலாமே என்று கேட்கத் தோன்றும். வேகமான இறங்குமுக ஒற்றையடிப் பாதையைக் கட்டாயம் பிரிக்க வேண்டும். அங்கே ஒருவழி, மிதிவண்டி மட்டும், ஏறுவதற்கு ஜீப் தடம். இதில் எங்களுக்கு இரண்டாம் கருத்தே இல்லை. வளைவுகளும் குதிப்பு மேடுகளும் உள்ள பாதையில் நடப்பவருக்கு இடம் கொடுப்பது பெருந்தன்மை ஆகாது, அது ஆபத்து.

ஆனால் காடு முழுவதையும் பிரித்தால் ஒவ்வொரு பாதையிலும் ஆள் குறையும். 2016 மார்ச்சில் இந்தக் காட்டில் பதின்ம வயதுப் பெண் ஒருவர் கொல்லப்பட்டார். அதற்குப் பிறகு பாதுகாப்பைத் தவிர்த்துவிட்டு டோக்காயைப் பற்றி யாரும் பேச முடியாது. தனியாக நடக்கும் ஒரு பெண்ணுக்கு ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஓட்டக்காரரோ மிதிவண்டிக்காரரோ கடந்து போவது தொந்தரவாக இருக்காது, துணையாக இருக்கும். அகலமான தடங்களை எல்லா வகையினருக்கும் திறந்து வைப்பதே சரி என்று நாங்கள் நினைப்பதற்கு இதுவே முதல் காரணம்.

1994-இல் அமெரிக்கக் கூட்டரசு நெடுஞ்சாலைத் துறைக்காக ரோஜர் மூர் பலபயன் பாதைகளின் மோதல்களை ஆராய்ந்து 12 நெறிகளைத் தொகுத்தார். தேவையற்ற சந்திப்புகளைக் குறை, பாதிக்கப்படுவோரைத் தொடக்கத்திலேயே சேர்த்துக்கொள் என்ற இரண்டும் அவற்றில் அடங்கும். டோக்காய்க்கு இந்த இரண்டுமே மிகவும் பொருந்துகின்றன. முதலாவதைச் சந்திப்பில் பார்த்தோம். இரண்டாவதை நீதிமன்றமே சொல்ல வேண்டியதாயிற்று.

நிழல் வழக்கு

2005-க்குப் பின் டோக்காயின் பைன் தோட்டம் பூங்காவின் பொறுப்புக்கு வந்தது. மரத்தை வெட்டும் குத்தகை எம்.டி.ஓ. ஃபாரஸ்ட்ரி நிறுவனத்திடம் இருந்தது. 20 ஆண்டுகளில் படிப்படியாக மரம் நீக்கி, பெரும்பகுதியைச் சொந்தத் தாவரமான ஃபின்போஸுக்குத் திருப்புவதும், சில பகுதிகளில் நடப்பவர்களுக்காக நிழலைக் காப்பதும் திட்டம். கீழ் டோக்காயின் மணல் ஃபின்போஸ் மிக அருகிவிட்ட தாவர வகை. காட்டில் அழிந்துபோன எரிக்கா வெர்டிசில்லாட்டா என்ற செடியை மறுபடி நட்டு வளர்க்கும் இடங்களில் இதுவும் ஒன்று. பைனை வெட்டி எரித்த நிலத்தில், பல பத்தாண்டுகள் மண்ணுக்குள் கிடந்த விதைகள் முளைத்தன. அந்த மீட்சியின் மதிப்பை எவரும் குறைத்துப் பேச முடியாது.

2015 மார்ச்சில் மியூசன்பெர்க்கில் தொடங்கிய பெருந்தீ தீபகற்பத்தின் மலைகளில் பரவி மேல் டோக்காயின் தோட்டத்தை எரித்தது. அதன் பின் கீழே எஞ்சிய மரங்களையும் திட்டமிட்ட காலத்துக்கு முன்பே வெட்டும் முடிவு எடுக்கப்பட்டது. நிழலில் நடந்தவர்கள் எதிர்த்தார்கள். பார்க்ஸ்கேப் என்ற குடியிருப்பாளர் அமைப்பு வழக்குப் போட்டது. மக்களைக் கேட்காமல் கால அட்டவணையை மாற்றியது செல்லாது என்று 2017-இல் உயர்நீதிமன்றமும், பிறகு 2018-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் சொல்லின.

தாவரம் முக்கியமா நிழல் முக்கியமா என்று இந்த வழக்கை ஒரு சண்டையாகச் சுருக்கிவிடுவது எளிது. எங்கள் பார்வையில் அது நிர்வாக முறையைப் பற்றியது. வெயிலில் நடக்க முடியாத முதியவரும், அருகிய செடியைக் காக்க விரும்புபவரும் 2009-இல் வந்த மேலாண்மைச் சட்டகத்தில் ஏற்கெனவே ஓர் இணக்கத்துக்கு வந்திருந்தார்கள். அதைக் கேட்காமல் மாற்றியபோதுதான் அது உடைந்தது. பாதை மாற்றம் எவ்வளவு சிறியதானாலும், ஒரு வளைவை நகர்த்துவதானாலும், மாற்றும் முன் அங்கேயே காகிதம் ஒட்டி நான்கு வார இறுதிகள் விட்டுவைப்பது வழக்கையும் வன்மத்தையும் மிச்சப்படுத்தும்.

மண்ணும் மழையும்

பாதையைக் கெடுப்பது யார் என்ற வாக்குவாதம் எப்போதும் உண்டு. 1994-இல் மொன்டானாவில் வில்சன், சீனி இருவரும் நனைந்த பாதைகளில் சோதித்தபோது, சக்கரங்களைவிடக் குளம்பும் காலடியும்தான் அதிக மண்ணைத் தளர்த்தின. இதை மிதிவண்டிக்காரர்கள் அடிக்கடி எடுத்துக்காட்டுவார்கள். ஆனால் சறுக்கிப் பிரேக் பிடித்த தடம் நீளவாக்கில் ஒரு மடையாகிவிடும், தண்ணீர் அதில் ஓடத் தொடங்கும். உண்மையில் யாருடைய காலைவிடவும் தண்ணீரே பெரிய எதிரி.

டோக்காயின் மேற்சரிவில் மணற்பாறைக்குக் கீழே கிரானைட் மக்கிய களிமண். மே முதல் ஆகஸ்ட் வரை மழைக்காலம், அப்போது அது வழுக்கும். கீழே மணல். அது கோடையில்தான் கெடும், தென்கிழக்குக் காற்றில் காய்ந்து குளம்பில் உழுதுபோகும். எனவே குதிரைக்குக் கீழ்ப்பகுதியில் மழைக்காலமே நல்லது, மேல்சரிவில் எல்லோருக்கும் கோடையே நல்லது. இரண்டு நாள் கனமழைக்குப் பின் களிமண் ஒற்றையடிப் பாதைகளை மூடிவைப்பதில் தயக்கம் வேண்டாம். காலை வைத்தால் 2 செ.மீ. புதைகிறது என்றால் அது மூட வேண்டிய நாள்.

பாதையின் சராசரிச் சரிவு 10 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. மலைச்சரிவில் பாதியைவிடவும் கூடக்கூடாது. கூடினால் தண்ணீர் பாதையைக் கடந்து போகாமல் பாதையோடு ஓடும். பாதையின் மேற்பரப்பு பள்ளத்துப் பக்கம் 5 சதவீதம் சாய்ந்திருக்க வேண்டும். நடமாட்டத்தில் வெளி ஓரத்தில் மண் வரப்பாகச் சேர்ந்து இந்தச் சாய்வை அடைத்துவிடும். ஆண்டுக்கு ஒருமுறை, மழைக்கு முன் ஏப்ரலில், அந்த வரப்பை மண்வெட்டியால் வழித்துவிட்டாலே பாதிப் பராமரிப்பு முடிந்தது. எரிந்த சரிவில் மட்டும் இதெல்லாம் போதாது. தீ பட்ட மண்ணின் மேல்தோல் தண்ணீரை உள்ளே விடாது, சிறு மழைக்கும் ஓடை புறப்படும். மேல் டோக்காய் தீக்குப் பின் நெடுநாள் மூடப்பட்டு, தன்னார்வலர் உழைப்போடு கட்டம் கட்டமாகத் திறந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

புரோட்டியா, வெள்ளிமரம் போன்றவற்றின் வேரை அழுகச் செய்யும் ஃபைட்டோஃப்தோரா என்ற கிருமி ஈரமண்ணோடு செருப்பிலும் டயரிலும் குளம்பிலும் பயணிக்கும். ஒரு மலையிலிருந்து மறுமலைக்குப் போகும் முன் மண்ணைத் தேய்த்துக் கழுவிக் காயவைக்க வேண்டும்.

குடும்பத்தோடு கூட்டமாக வருபவர்களுக்கு

இருபது பேர் சேர்ந்து வந்தால் ஆறு ஆறு பேராகப் பிரிந்து, இடையே நூறு மீட்டர் விட்டு நடப்பது எல்லோருக்கும் வசதி. முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர் பெரியவராக இருக்கட்டும். பின்னால் மணியோசை கேட்டால் ஆளுக்கொரு பக்கம் பாய்வதுதான் பெரும் ஆபத்து. மிதிவண்டிக்காரர் ஒரு பக்கத்தைத் தேர்ந்து வரும்போது குழந்தை அந்தப் பக்கமே ஓடும். "எல்லாரும் இடப்பக்கம் வாங்க, ஆயா, நீங்க அங்கேயே நில்லுங்க" என்று பின்னால் வருபவர் ஒருவரே குரல் கொடுத்தால் போதும். அசையாமல் நிற்பவரைச் சுற்றிப் போவது எளிது.

குதிரை வந்தால் வேறு முறை. குதிரைக்குக் கண்கள் பக்கவாட்டில், ஏறத்தாழ முழு வட்டமும் தெரியும், நேர் முன்னும் நேர் பின்னும் மட்டும் தெரியாது. பின்னாலிருந்து சத்தமின்றி நெருங்குவதை அது வேட்டை விலங்கு என்றே எடுத்துக்கொள்ளும். எனவே மறையாமல், மரத்தின் பின் ஒளியாமல், எல்லோரும் ஒரே பக்கம், முடிந்தால் பள்ளத்துப் பக்கம் ஒதுங்கி, சாதாரணக் குரலில் சவாரியாளரிடம் பேசுங்கள். பேச்சு கேட்டால்தான் நீங்கள் மனிதர் என்று குதிரைக்குத் தெரியும். பள்ளம் செங்குத்தாக இருந்து முதியவர்கள் உடன் இருந்தால் மேட்டுப் பக்கமே நில்லுங்கள், ஆனால் எல்லோரும் சேர்ந்து. குடையை மடக்குங்கள். தென்கிழக்குக் காற்றில் படபடக்கும் முந்தானையையும் துப்பட்டாவையும் கையில் சுருட்டிப் பிடியுங்கள், பிளாஸ்டிக் பையைச் சரசரக்க விடாதீர்கள். கடந்து போகும்போது பின்னங்கால்களிலிருந்து 3 மீட்டராவது விலகியிருங்கள். குழந்தை தொட ஆசைப்பட்டால் சவாரியாளரைக் கேட்டு, முன்பக்கத் தோளருகே மட்டும்.

சாப்பாட்டை மூடிய டப்பாவில், பைக்குள். புளிசாதத்தின் மணம் இங்குள்ள பபூன் குரங்குகளுக்கு நன்றாகத் தெரியும். கேரியரைத் திறந்து வைத்து அரட்டை அடித்தால் முதல் பிடி அவற்றுக்குத்தான். பையைப் பற்றிவிட்டால் இழுக்காமல் விட்டுவிடுங்கள், சோறு எறிந்து விரட்டாதீர்கள். பபூனுக்கு உணவு கொடுப்பது சட்டப்படி குற்றம். மனிதரிடம் உணவு பறிக்கப் பழகிய பபூனைக் கடைசியில் கொன்றுவிடும் நிலையும் வரும். வெயில் நாளில் பாதையின் நடுவே பஃப் ஆடர் என்ற நச்சுப் பாம்பு அசையாமல் கிடக்கும், காளான் தேடுபவர்களும் குழந்தைகளும் முதலில் கண்ணால் பார்த்து, பிறகு கையை நீட்டட்டும். அவசரத்துக்குக் கைபேசியிலிருந்து 112. கிளம்பும் முன் வாசலில் இருக்கும் வரைபடத்தைப் படமெடுத்துக்கொள்ளுங்கள், எந்தத் தடத்தில் இருக்கிறோம் என்று சொன்னால்தான் உதவி வரும்.

நாய் கொண்டுவருபவர் சந்திப்புக்கு 20 மீட்டர் முன்பே வாரைச் சுருக்கிப் பிடிக்க வேண்டும். நீளும் வாரைக் குறுக்கே விட்டு மறுபக்கம் நிற்பது மிதிவண்டிக்குக் கண்ணுக்குத் தெரியாத கயிறு.

சந்திப்புகளைப் பார்வையிடச் செப்டம்பர் ஏற்ற மாதம். மழை முடிந்து செடி தழைத்திருக்கும், பார்வை அப்போதுதான் மிகக் குறைவு. இருவர் போதும்: ஒருவர் நடப்பவர் நிற்கும் கல்லில் நிற்க, மற்றவர் தடத்தில் 30 மீட்டர் மேலே போய், மிதிவண்டிச் சேணத்தில் உட்கார்ந்த உயரத்தில் கண்ணை வைத்துப் பார்க்க வேண்டும். கல்லில் நிற்பவரின் முழங்கால் தெரியவில்லை என்றால் அங்கே நிற்கும் ஐந்து வயதுக் குழந்தையும் முழுதாகத் தெரியாது. அந்த இடத்தை வரைபடத்தில் குறித்து, படத்தோடு பூங்கா அலுவலகத்தில் கொடுங்கள்.